ஏப்ரல் அறுபத்தேழில் வார்த்த சக்கரம்

ஜனவரி 5, திங்கள்

கார் நிற்கும்போது மட்டுமே சக்கரத்தைப் பார்க்கிறவர்களுக்காக நாங்கள் சக்கரம் செய்கிறோம்.

இன்று அவர்களில் ஆறு பேர் ஃபவுண்டரிக்கு வந்தார்கள். பழங்கார் சங்கத்தார். எல்லாருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது, எல்லார் தலையிலும் ஒரே மாதிரித் தட்டைத் தொப்பி. எங்கள் அரசூர்ப் புழுதிக்கு வெள்ளைக் கால்சட்டை. மணல் அச்சிலிருந்து வந்து இன்னும் மெருகேறாத ஐந்து சக்கரங்களையும் சுற்றி நின்று, பெண் பார்க்க வந்தவர்களைப் போலத் தலை சாய்த்துப் பார்த்தார்கள்.

"இந்த ஸ்போக்கோட நெளிவப் பாருங்க. என்னா ஒரு இடுப்பு!" என்றார் சங்கச் செயலாளர் பிலிப். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பல்லைப் பார்த்தவர் இப்போது இடுப்பைப் பார்க்கிறார். அந்த நெளிவு பிரேக்கைக் குளிரவைக்கக் காற்றைத் திருப்புவதற்காக வைக்கப்பட்டது. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ரசிப்பார்கள்.

சக்கரம் சுதர்சன் என்பவரின் காருக்கு. மில் குடும்பம். 1967ஆம் வருடத்து ஆங்கிலேய இரட்டை இருக்கை வண்டி. ஒன்பது வருடமாக அதைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறாராம். வந்தபோது சாதாரண இரும்புச் சக்கரத்தோடு வந்ததாம். அசலாக அதற்கு மெக்னீசியம் சக்கரம் இருந்திருக்க வேண்டும். அந்த உலோகம் அறுபது வருடத்தில் உள்ளுக்குள் பொரிந்துபோகும் என்பதால், அசல் கிடைத்தாலும் ஓட்ட முடியாது. ஆகவே தொழிற்சாலை வரைபடத்தின் மறுபதிப்பை வைத்து, அலுமினியத்தில் நகல். பம்ப் உடல்கள் வார்த்துப் பிழைக்கும் எங்கள் முதலாளி பொன்னுரங்கத்துக்கு இது புது மோகம். பம்ப்பை யாரும் போட்டோ எடுப்பதில்லை அல்லவா.

சுதர்சன் மட்டும் மண்டியிட்டு, சக்கரத்தைப் புரட்டி, பின்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். இப்படி ஒரு பாவனை. முன்பக்கம் எல்லாரும் பார்த்தாயிற்று, இவர் வேறு மாதிரியாம்.

ஜனவரி 8, வியாழன்

வளைவுச் சோதனை. நான் இந்த ஃபவுண்டரியின் சோதனைக் கூடத்துக்குப் பொறுப்பு. உலோகவியல் படித்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

இயந்திரத்தை ஓட்டுவது மரகதம் அக்கா. பன்னிரண்டு வருடமாக. சக்கரத்தின் விளிம்பை இறுகக் கட்டி, நடுவில் ஒரு தண்டைப் பூட்டி, அந்தத் தண்டைப் பக்கவாட்டில் இழுத்தபடி சுழற்றுவோம். மலைப்பாதையின் திருப்பத்தில் சக்கரம் படும் பாட்டை அது இருந்த இடத்திலேயே படும். ஒரு லட்சம் சுற்று உடையாமல் தாங்கினால் தேர்ச்சி.

சோதனைக்கு வருவது எப்போதும் அவலட்சணமான சக்கரம்தான். வார்ப்பில் மணல் ஒட்டியது, மேலே வடு விழுந்தது, விற்க முடியாதது. நல்ல சக்கரத்தை யார் உடைக்கக் கொடுப்பார்கள்? உலோகம் ஒன்றுதான், உருவம் ஒன்றுதான், ஆகவே விதிப்படி தவறில்லை.

"லட்சணமான புள்ளைங்கள எல்லாம் கட்டிக் குடுத்துட்டு, மூளியாப் பொறந்தத இங்க தள்ளி உடறாங்க" என்றார் மரகதம் அக்கா.

மூளி ஒரு லட்சத்து அறுபதாயிரம் சுற்று ஓடியது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் நாங்களாக நிறுத்தினோம்.

ஜனவரி 10, சனி

இப்போது அவர்களுக்கு வயதும் வேண்டுமாம்.

அசல் சக்கரங்களில் வார்த்த மாதமும் வருடமும் இருக்கும், நகலிலும் அது இருந்தால்தான் பார்க்க நிறைவாக இருக்கும் என்று பிலிப் செய்தி அனுப்பியிருக்கிறார். புதுச் சிலையை மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றி விற்பவனுக்காவது வயிற்றுப்பாடு இருக்கிறது. இவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்ள ஆர்டர் கொடுக்கிறார்கள்.

பொன்னுரங்கம் வழக்கம்போல், "உள்ளார ரிம்முல எங்கியாச்சும் ஒரு மூலைல குத்தி உட்டாப் போச்சு" என்றார்.

ரிம்மில் அல்ல. அசலில் அது எங்கே இருந்தது என்பதற்குப் படம் இருக்கிறது. பழைய மோட்டார் பத்திரிகை ஒன்றின் பிரதியில், பின்பக்கத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆரக்கால் நடுப்பகுதியோடு சேரும் கழுத்தில், தெளிவாக, உள்ளே குழிந்து, எண்கள். இந்த ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? பொய் சொல்வதென்றால் ஒழுங்காகப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும். படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து மேஜையில் வைத்தேன்.

பொன்னுரங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அம்மிணி. படிக்கிற புள்ள நீதான்."

கழுத்திலேயே குத்துவது என்று முடிவாயிற்று. பாராட்டினால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அதுவும் இவர் பாராட்டினால்.

ஜனவரி 12, திங்கள்

எஃகு எழுத்தச்சும் சுத்தியலும். நான்கு, ஒரு கோடு, அறுபத்தேழு. சக்கரத்துக்கு நான்கு அடி. ஐந்து சக்கரங்களும் நான் பிறப்பதற்கு முப்பத்தொரு வருடம் முன்பே வார்க்கப்பட்டவை ஆகிவிட்டன. தேர்ச்சிச் சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்தது. அம்மா அதை அபசகுனம் என்று சொல்லாமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். பக்கத்து வீட்டில் வைத்துப் பொங்கினோம்.

சாப்பிடும்போது சக்கரம், தொப்பி, தேதி எல்லாம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவுங்க பாட்டுக்கு ஆசப்பட்டு ஒரு வண்டி வெச்சிருக்காங்க. உனக்கென்னடி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்றேன்."

"உனக்கு ஆரையாச்சும் புடிக்குமா? ஒரு பேரு சொல்லு. உசுரோட இருக்கறவங்கள்ல."

கரும்பைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பதில் பெறும் தகுதி அந்தக் கேள்விக்கு இல்லை. மாலையில் துணி துவைத்தேன். இரண்டு நாவல்களை எடுத்து முப்பது பக்கத்தில் வைத்துவிட்டேன். பொங்கல் விடுமுறைக்கு எழுதப்பட்டவை போல இருந்தன.

ஜனவரி 20, செவ்வாய்

சக்கரங்களைச் சுதர்சனின் ஷெட்டில் மாட்டினார்கள். பொன்னுரங்கம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கரும்பச்சை வண்டி, இடுப்பளவு உயரம்கூட இல்லை. நட்டுகளை அவரே முறுக்கினார். குறிப்பிட்ட விசையில் முறுக்கும் திருகி அவரிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது அது காட்டும் எண்களை வாய்விட்டுச் சொல்கிறார், சின்னப்பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப் போல. ஐந்தாவதைச் சீட்டுக்குப் பின்னால் ஸ்டெப்னியாக வைத்தார். பிறகு சக்கரத்துக்கு அருகே குனிந்து, "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க தாரிணி" என்றார், ஏதோ நான் வரைந்தது போல.

எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஃபவுண்டரியில் உலை தள்ளுபவர்களுக்குத் தனி டப்பா. பெரிய மனிதர்களுக்கு இது எளிது.

பிப்ரவரி 8, ஞாயிறு அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சங்கத்தின் மலையேற்ற ஓட்டமாம். இந்தச் சக்கரங்களின் அரங்கேற்றம் அதுதான். எட்டு பேர் அன்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பார்கள் என்று பொன்னுரங்கம் கணக்கிடுகிறார்.

ஜனவரி 23, வெள்ளி

பிலிப் ஓர் அசல் சக்கரத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, விரிசல் விட்டது, வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு. சுத்தம் செய்து தர வேண்டுமாம். பின்பக்கம், ஆரக்கால் கழுத்து, அதே இடம். கட்டை விரலால் தடவினேன்.

எண்கள் புடைத்திருந்தன.

ஜனவரி 24, சனி

வீட்டைப் பெருக்கினேன். புத்தக அடுக்கைத் துடைத்தேன். மோட்டார் பத்திரிகைப் பிரதியை எடுத்துப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். எண்கள் மேலெழுந்து நின்றன. நேராகப் பிடித்தேன், குழிந்தன.

ஒளி எங்கிருந்து விழுகிறது என்று தெரியாத படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். நிலவின் பள்ளங்களைப் பார்த்து மலை என்று நினைப்பார்களே, அதேதான். சக்கரத்தைத் தரையில் கிடத்தி, விளக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் புகைப்படக்காரனுக்கு அடிப்படை அறிவு இல்லை.

அசலைச் செய்தவர்கள் எண்களை அச்சிலேயே வெட்டி, அந்த இடத்தில் உலோகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இங்கே குறைக்கப்பட்டிருக்கிறது. அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்பது கை நகத்தின் கனம். இதற்குப் போய்.

ஜனவரி 27, செவ்வாய்

மரகதம் அக்கா டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங் மேடம், நம்பரு குத்துன சக்கரத்த நாம ஓட்டவே இல்லீங்களே?"

"மூளிய ஓட்டினோமே அக்கா."

"மூளிக்கு எவன் நம்பரு குத்துனான்? குத்துனதுக்கும் குத்தாததுக்கும் ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதான்."

அவர் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "செரி, படிச்சவீங்க சொல்றீங்க" என்றார். எட்டாவது வரை படித்தவருக்கு இந்தத் தொனி எங்கிருந்து வருகிறது?

ஜனவரி 29, வியாழன்

வடு விழுந்த சக்கரம் இன்னொன்று கிடந்தது. சும்மா ஒரு ஆர்வத்தில் அதன் கழுத்தில் அதே எண்ணை, அதே அச்சால் குத்தச் செய்தேன். காலை ஒன்பதரைக்கு ஓட்டத் தொடங்கினோம்.

பத்தே முக்காலுக்கு இயந்திரம் தானாக நின்றது. முப்பத்தெட்டாயிரம் சுற்று. ஏழின் மூலையில் தொடங்கி, ஆரக்காலின் பாதியைக் கடந்து, தலைமுடி போல ஒரு விரிசல்.

மரகதம் அக்கா இன்னொரு மூளியைத் தேடி எடுத்துவந்து, என் முன்னால் வைத்தார். மதியம் அதையும் குத்தி ஓட்டினோம். நாற்பத்தோராயிரம். அதே ஏழு. அதே மூலை.

ஜனவரி 30, வெள்ளி

பொன்னுரங்கத்திடம் இரண்டு துண்டுகளையும் காட்டினேன். முதலில் மணலைக் குறை சொன்னார், பிறகு உலையை, பிறகு வேலையாட்களை. கடைசியில் கேட்டார்:

"அங்க கொண்டுபோயிக் குத்தச் சொன்னது ஆரு?"

"படத்துல அப்படித்தான் இருந்துச்சுங்க."

இது பொய் அல்ல.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மேட்டுப்பாளயத்துல இருந்து கோத்தகிரி போயிட்டுத் திரும்புனா சக்கரம் எத்தன சுத்து சுத்தும்? கணக்குப் போடு பாக்கலாம்."

போகவர அறுபத்தாறு கிலோமீட்டர். முப்பத்தைந்தாயிரம் சுற்று.

"முப்பத்தெட்டுலதான ஒடஞ்சுது? வந்துருதே! போயிட்டு வரட்டும் அம்மிணி. திங்கக்கெழம நாமளே போயிக் கழட்டிட்டு வேற மாட்டிக் குடுத்தர்லாம். ஞாயித்துக்கெழம அத்தன பேரு முன்னால நம்ம மானம் போகோணுமா?"

சோதனையில் நாங்கள் கொடுக்கும் பாரம் நிஜப் பாதையில் வருவதை விட அதிகம், ஆகவே ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றேன். மாட்டிய நாளிலிருந்து வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே ஆகவும் செய்யலாம் என்றேன். அவருக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. மூவாயிரம் சுற்று மிச்சத்தில் ஓர் ஆளை மலை ஏற்றி இறக்கும் மூளை. பம்ப் வார்க்கத்தான் லாயக்கு.

பிப்ரவரி 3, செவ்வாய்

சுதர்சனுக்கு நானே போன் செய்தேன். சக்கரங்களை இரண்டு நாள் தர முடியுமா, ஒரு மறுபரிசோதனை இருக்கிறது என்றேன்.

"ஏதாவது பிரச்சனையா தாரிணி? இருந்தா சொல்லிடுங்க."

"இல்லைங்க சார். ஃபார்மாலிட்டிதான்."

"அப்ப திங்கட்கிழமை தந்துடறேனே. பழைய இரும்பு வீலைக் கொடுத்துட்டேன், இப்ப கழட்டினா வண்டி நிக்க வேண்டியதுதான். தினமும் காலைல மலைப் பக்கம் பிராக்டிஸ் வேற போயிட்டிருக்கோம். பரவாயில்லைங்களா?"

"பரவாயில்லைங்க சார்."

ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியாத மனிதர். ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒருத்தி தானாகப் போன் செய்கிறாள் என்றால் ஏன் என்று யோசிக்க வேண்டாமா? பணம் இருக்கிற இடத்தில் யோசனை இருப்பதில்லை. நான் கேட்டேன். அவர் தரவில்லை. முடிந்தது.

பிப்ரவரி 4, புதன்

தூக்கம் சரியில்லை. கொசு.

பிப்ரவரி 6, வெள்ளி

சங்கத்தின் குழுவில் சுதர்சன் படம் போட்டிருக்கிறார், பொன்னுரங்கம் எனக்கு அனுப்பினார். கொண்டை ஊசி வளைவில் வண்டி. முன்பக்க இடது சக்கரம் வெயிலில் மின்னுகிறது. பக்கத்து இருக்கையில் அவர் மகள் வைஷாலி, கல்லூரிப் பெண், மடியில் வரைபடம். ஞாயிற்றுக்கிழமை வழி சொல்லப்போவது அவள்தானாம். அப்பனும் மகளும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மோசமான படம். மரம் ஒன்று அவர் தலையிலிருந்து முளைத்திருக்கிறது. காருக்குப் பாதி வெளிச்சம், முகத்துக்குப் பாதி நிழல்.

அந்தப் பெண் சீட் பெல்ட் போடவில்லை. அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது.

பிப்ரவரி 7, சனி

மறுபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. என்ன சொல்வதற்காகச் செய்தேன் என்று எனக்கும் தெரியாது. நாளை காலை ஐந்து மணிக்கு காந்திபுரத்திலிருந்து முதல் பஸ். விரிசல் காட்டும் சிவப்பு மருந்து டப்பாவைப் பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில், மலைப்பாதை தொடங்கும் முன் ஒரு ஹோட்டலின் வாசல். பதினேழு வண்டிகள், பதினேழு தொப்பிகளுக்கு மேல். வெண்பொங்கலும் வடையும் தட்டுகளில். ஏழரைக்குக் கொடி அசைப்பு. நான் போனபோது ஆறே முக்கால்.

பிலிப்தான் முதலில் பார்த்தார். "அடடே, தாரிணி மேடமே வந்தாச்சு! வாங்கம்மா, வடை சூடா இருக்கு. நம்ம வீல் ஓடறதைப் பாக்க வந்தீங்களா?"

"ஓடக்கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

சிரித்தார்கள். சுதர்சன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சக்கரங்களில் எண் குத்திய இடம் பலவீனமாக இருக்கிறது, திருப்பங்களில் விரிசல் விடக்கூடும், கழற்ற வேண்டும் என்றேன்.

"செவ்வாய்க்கிழமை ஃபார்மாலிட்டின்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"இன்னிக்கு விரிசலா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. தொப்பிக்காரர் ஒருவர், "விரிசல் இருந்தாக் காட்டச் சொல்லுங்கப்பா" என்றார். நான் பையிலிருந்து மருந்தை எடுத்தேன். ஜாக் போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, கழுத்தைத் துடைத்து, சிவப்புத் திரவத்தைத் தெளித்தேன். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கும். பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடித்தால், உள்ளே இறங்கியது சிவப்புக் கோடாக வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்று காத்திருக்க முடியாது, நான்குக்கும் ஒன்றாகத் தெளித்தேன்.

அந்தப் பத்து நிமிடமும் என்னைச் சுற்றி நின்றார்கள். "சக்கரத்துக்கு மருதாணி போடறாங்க" என்றார் ஒருவர். "கல்யாணத்துக்கு லேட்டாவுதுங்க மேடம்" என்றார் இன்னொருவர். நான் அவர்களைப் பற்றி இந்த நோட்டில் எழுதியவற்றோடு ஒப்பிட்டால் அவர்கள் மென்மையானவர்கள்.

துடைத்தேன். வெள்ளை அடித்தேன். முன் இடது: வெள்ளை. முன் வலது: வெள்ளை. பின்னிரண்டும் வெள்ளை. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"அப்புறமென்ன? பாஸாயிடுச்சு!" பிலிப் கை தட்டினார். "மாட்டுங்க, மாட்டுங்க. நேரமாச்சு."

சுதர்சன் திருகியைக் கையில் எடுத்தார். வைஷாலி ஓடிப்போய் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"சார், இன்னிக்கு விரிசல் இல்லைங்கறது இன்னிக்கு இல்லைங்கறது மட்டும்தான்" என்றேன். "லேப்ல ரெண்டு சக்கரம் ஒடஞ்சுது. ரெண்டும் அந்த எண்லதான்."

"அப்ப நீங்க தேர்ச்சின்னு கையெழுத்துப் போட்டது?"

"எண் குத்தாத சக்கரத்தைச் சோதிச்சுட்டுப் போட்டது."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. அவர் திருகியைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை.

"அசல்ல அதே எடத்துலதான எண் இருக்கு? அது எப்படி ஒடையல?"

"அசல்ல அது புடைச்சிருக்குங்க. நாம குழி போட்டுட்டோம்."

"நாமன்னா? பொன்னுரங்கமா?"

ஹோட்டல்காரன் பில் புத்தகத்தோடு வந்து, நின்று, திரும்பிப் போனான். அந்த நேரத்தில் எனக்கு நிறையப் பதில்கள் தோன்றின. புகைப்படக்காரன். ஒளி. சங்கத்தாரின் ஆசை. சோதனைக் கூடத்தின் வழக்கம். எல்லாமே உண்மை.

"நான்" என்றேன். "அவரு ரிம்முலதான் குத்தச் சொன்னாரு. நான்தான் ஒரு படத்தைத் தப்பாப் பாத்துட்டு, எனக்குத் தெரியும்னு சொல்லி அங்க குத்த வெச்சேன். ஜனவரி இருபத்திமூணாம் தேதியே எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நீங்க கேட்டப்பவும் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எறங்கு வைஷு."

"அப்பா! அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே!"

"எறங்கும்மா."

"ஒம்போது வருஷம்ப்பா!"

"இத்தனை பேர் முன்னாடி ஒருத்தர் தன் தப்புன்னு சொல்றாங்க. அது பொய்யா இருக்காது. எறங்கு."

அவள் கதவை அறைந்துவிட்டு ஹோட்டலுக்குள் போய்விட்டாள். அழுதுகொண்டு. பதினாறு வண்டிகள் ஏழரைக்குப் புறப்பட்டன. பதினேழாவது நான்கு ஜாக்குகளின் மேல் நின்றது.

நன்றி சொல்வார் என்று நினைத்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். அவர் சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டி என் முன்னால் வைத்தார். ஐந்தாவது ஸ்டெப்னி.

"நீங்க சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமை ராத்திரியே இவளை வர வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் மூணு நாள் காலைல இவளை உக்கார வெச்சு மேல போயிட்டு வந்திருக்கேன். உங்களுக்குத் தெரியும், நான் போயிட்டு வந்திருக்கேன்." ஜாக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க கிளம்புங்க. என்னால இப்ப உங்களைப் பாக்க முடியல."

இதற்கு நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. ஒரு வாடகை வேனில் சக்கரங்களோடு திரும்பினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முன் இடது சக்கரத்தை இயந்திரத்தில் பூட்டினோம். சோதனைக் கூடத்துக்கு வந்த முதல் லட்சணமான சக்கரம். மரகதம் அக்கா பூட்டுவதற்கு முன் அதை ஒரு தரம் துடைத்தார்.

பத்தொன்பதாயிரம் சுற்று.

பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று பார்த்தார். ஏழின் மூலையில் விட்டிருந்த விரிசலைத் தடவிவிட்டு, "முப்பத்தஞ்சுக்கு இது பத்தல இல்ல அம்மிணி?" என்றார். அவர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. இனிமேல் குத்தியதைத்தான் ஓட்ட வேண்டும், விற்கிற மாதிரி மினுமினுக்கிற ஒன்றைத்தான் உடைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டச் சொன்னார். எழுதியது மரகதம் அக்கா. இரண்டு பிழை இருந்தது. திருத்தவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சங்கத்தின் சுற்றறிக்கை நாளை போகிறதாம். பிலிப் நகலை எனக்கு அனுப்பியிருந்தார், ஒப்புதலுக்கு: "தவிர்க்க முடியாத சில தொழில்நுட்பக் காரணங்களால் சுதர்சன் அவர்களின் வாகனம் கலந்துகொள்ள இயலவில்லை. சம்பந்தப்பட்ட சக்கரங்கள் அழகில் அசலுக்கு இணையானவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை."

தவிர்க்க முடியாத. சில. தொழில்நுட்ப. இந்த மூன்று சொற்களையும் சேர்த்து எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத என்னால் முடியும். பேனாவைத் திறந்தும்விட்டேன். பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

"டாக்டர், அதை மாத்தணும். நான் சொல்றதை அப்படியே போடுங்க."

"சொல்லுங்கம்மா. ஆனா ரொம்ப டெக்னிக்கலா வேணாம், நம்ம ஆளுங்க படிக்க மாட்டாங்க."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே முனகினார். பெயர் எதற்கு, சின்ன வயது, நாளைக்கு இன்னொரு இடத்தில் வேலைக்குப் போகும்போது அசிங்கமாக இருக்கும் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பெயரைப் போடுங்கள் என்றேன். "செரிம்மா. ஒருவாட்டி திருப்பிப் படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க" என்று படித்தார்:

"அந்தச் சக்கரங்களின் கழுத்தில் தேதி குத்தச் சொன்னது நான். குத்திய பிறகு அவற்றைச் சோதிக்காமல் சான்றிதழ் கொடுத்தது நான். தவறு என்று தெரிந்த பின் பதினாறு நாள் சொல்லாமல் இருந்தது நான். அந்த நாட்களில் அந்த வண்டியில் இருவர் மலை ஏறினார்கள். தாரிணி, சோதனைக் கூடப் பொறுப்பாளர்."

"சரிதான்" என்றேன்.

"அழகைப் பத்தி ஒரு வரி வேணாமா?"

"வேணாங்க டாக்டர்."